எட்டு டிகிரிக்குக் கீழே

சகாயமேரி மருந்துப் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஓரத்தில் அடுக்கியிருந்த ஐஸ் பைகள் தொளதொளவென்று வெறும் தண்ணீராக இருந்தன. நடுவில் கிடந்த போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் குளிர்ச்சி என்பதே இல்லை. அவள் உள்ளங்கை இருந்த சூட்டில்தான் அவையும் இருந்தன.

மூடியை மறுபடி அழுத்தி மூடினாள்.

வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள்கூட அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். சித்திரை வெயில் மரத்தின் நிழலைச் சுருட்டிச் சுருட்டி அடிமரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. காலையிலேயே வருவதாகச் சொன்ன நர்சம்மா உச்சிவேளைக்கு வந்து நிற்கிறாள். இனியாவது ஊற்றுவாள் என்று எல்லோரும் எழுந்து வரிசைகட்டத் தொடங்கினார்கள்.

சகாயமேரி ஸ்ரீபெரும்புதூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர். வேலைக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. முந்தின ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் கரண்ட் போய், ஐஸ் பைகள் பாதிதான் உறைந்திருந்தன. சீக்கிரம் போய்விட்டால் சமாளிக்கலாம் என்று கிளம்பினாள். வல்லம் தாண்டியதும் பஸ்ஸின் டயர் வெடித்தது. மரமே இல்லாத ரோட்டில் அடுத்த பஸ்ஸுக்காக நின்று, ஒரகடத்தில் இறங்கி, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருந்தாள்.

"இன்னிக்கு மருந்து ஊத்த முடியாதும்மா. எல்லாரும் மன்னிக்கணும்" என்றாள்.

"இன்னாது?" என்று பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"ஐஸ் கரைஞ்சி போச்சி. சூடு பட்டுச்சின்னா இந்த மருந்து செத்துடும். ஊத்தினாலும் புள்ளைங்களுக்கு கெடுதல் ஒண்ணும் ஆவாது, ஆனா நோயத் தடுக்காது."

முன்னால் நின்ற ஒருத்தி பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ரோஸ் நிறத்தில் தெளிவாக இருந்தது. "நல்லாத்தானே கீது? மோந்து பாத்தாகூட வாடை இல்லியே."

"பாத்தா தெரியாதும்மா. எனக்கே தெரியாது."

"தெரியாதுன்ற, கெட்டுப்போச்சின்னும் சொல்ற. வேலய வுட்டுட்டு வந்து குந்திகினு கீறோம். சும்மா ஊத்திட்டுப் போயேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் இரண்டு மாதக் கைக்குழந்தை. அவள் பின்னாலேயே ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்று, வலது தொடையைக் கையால் அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து வந்தது. வந்தவள் பெயர் செங்கமலம்.

"ஊத்தினா இன்னா, ஊத்தாட்டி இன்னா? இதோ ரத்னா, எம் பெரிய பொண்ணு. இதுக்கு ரெண்டு வாட்டி ஊத்தினாங்க. இதே மரத்தடியிலதான். ஊத்தியும் காலு போச்சி. இப்ப தம்பிக்கு ஊத்தறேன்னு வந்துட்டீங்க. வந்தும் ஊத்தலன்னு வேற சொல்றீங்க!"

சகாயமேரி அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள். முட்டிக்குக் கீழே கால் ஒரு குச்சி போல் இருந்தது.

"எந்த மாசத்துல ஊத்தினாங்க?"

"அக்னி நட்சத்திரத்துல. மண்ட வெடிக்கற வெயில்ல இவள தூக்கிகினு நின்னேன். நல்லா ஞாபகம் கீது."

சகாயமேரிக்கு வாய்வரை ஒரு பதில் வந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்து, "அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஒருத்தி அவள் முதுகுக்குப் பின்னால் சத்தமாகக் காறித் துப்பினாள்.

சுகாதார மேற்பார்வையாளர் தாண்டவராயன் அன்று மாலை அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மாவட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர்.

"என்னம்மா, அத்தனை பேர் வந்திருந்தும் ஒரு புள்ளைக்குக்கூட ஊத்தலியாமே? ஊத்திட்டு வந்திருக்கலாம். எவன் கேக்கப்போறான்?"

"நாளைக்கு ஒரு புள்ளைக்குக் கால் போச்சின்னா, ஊத்தினேன்னு எழுதின கை என்னுது சார்."

தாண்டவராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அடுத்த மாசம் மட்டும் கரண்ட் போவாதா? பஸ் பஞ்சர் ஆவாதா? வைகாசி வெயில் சித்திரைய விடக் கம்மியா? ஒவ்வொரு மாசமும் திருப்பி எடுத்துகினு வருவியா?"

அவர் சொன்னது சரிதான்.

மருந்து வைக்கும் அறையின் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கியது. அறைக்குள் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. இப்போது சித்திரையில் நாற்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆடிக் காற்று வந்தால் நாலைந்து டிகிரி இறங்கும். ஐப்பசி மழையில் முப்பதுக்கு வரும். அவள் வேலைக்குச் சேர்ந்த மழைக்காலத்தில் அப்படித்தான் இருந்தது. மார்கழி விடியற்காலையில், ஊரே காதில் துணி கட்டிக்கொண்டு நடமாடும்போது, அது இருபதில் நிற்கும். பகலானால் மறுபடி ஏறிவிடும். மருந்துக்கு வேண்டியதோ எட்டு டிகிரிக்குக் கீழே. வருஷத்தில் எந்த மாதத்திலும், எந்த நேரத்திலும், இந்த ஊர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

'காலம் மாறட்டும் என்று காத்திருக்க முடியாது. வருஷம் முழுக்க நான்தான் குளிரைச் சுமந்துகொண்டு போகவேண்டும்' என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு முதலில் கரண்ட் போனாலும் உறைகிற ஐஸ் வேண்டும்.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த குச்சி ஐஸ் கம்பெனிக்குப் போனாள். அதன் முதலாளி கோதண்டம், பனியனோடு நின்று, உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து அச்சுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். மூலையில் டீசல் இன்ஜின் ஒன்று இருந்தது. ஊரில் கரண்ட் போனதும் அது படபடவென்று ஓடத் தொடங்கும். சுகாதார நிலையம் வரைக்கும் சத்தம் கேட்கும்.

அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் கோதண்டம் சிரித்துவிட்டார்.

"பால் ஐஸ் கீது, சேமியா ஐஸ் கீது, கிரேப்ஸ் ஐஸ் கீது. இப்ப போலியோ ஐஸா சிஸ்டர்? மருந்து வாட வந்துச்சின்னா எவன் என் ஐஸ வாங்குவான்?"

"மருந்து எங்க பிரிட்ஜ்லயே இருக்கும்ணே. இந்தப் பைங்க மட்டும்தான் உங்க தொட்டியில. உள்ள வெறும் தண்ணிதான், பாருங்க." ஒரு பையைக் குலுக்கிக் காட்டினாள்.

"அந்த பிரிட்ஜிக்கும் கரண்ட் வேணுமே?"

"கரண்ட் போற ராத்திரி உங்க ஐஸக் கொண்டுபோய் அதுலயும் அடுக்குவேன்."

கோதண்டம் அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "விட மாட்ட போல கீதே. சரி, கொண்டாந்து போடு. ஆனா விடியறதுக்கு முன்னாடி எடுத்துகினு போயிடணும். அப்புறம் சைக்கிள்காரனுங்க பொட்டி ரொப்ப வந்துடுவானுங்க. எவனாவது உன் பைய குச்சி ஐஸ்னு வித்துட்டான்னா நான் பொறுப்பில்ல."

வைகாசியில் அவள் முதல் பஸ்ஸில் போனாள். பைகள் கல் மாதிரி உறைந்திருந்தன. பெட்டியின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, ஒரகடத்திலிருந்து வேக வேகமாக நடந்து, வெயில் ஏறுவதற்குள் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டாள்.

ஒருத்தரும் வரவில்லை.

வெகுநேரம் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "அன்னிக்கி வந்தோமே, ஊத்தினியா?" என்றார்கள். "புருசன் திட்டுது" என்றார்கள். இரண்டு வீடுகளில் மட்டும் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மூடியைத் திறந்து, குப்பியை எடுத்து, சொட்டு விட்டு, உடனே மூடினாள். மீந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

ஆனியில் இன்னும் சிலர் வந்தார்கள். ஆடியில் புழுதிக்காற்று கண்ணைத் திறக்கவிடாமல் அடித்த நாளில், மரத்தடியில் ஒரு சின்ன வரிசையே நின்றது. ஐப்பசியில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகும் கலங்கல் வழிந்து ரோடு அறுந்துபோனது. சகாயமேரி புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கடந்து போனாள். நனைந்து நடுங்கி வந்து நின்றவளைப் பார்த்து, சித்திரையில் காறித் துப்பியவளே ஒரு உலர்ந்த புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

செங்கமலம் மட்டும் வரவில்லை. சகாயமேரி தெருவில் வருவது தெரிந்தாலே குழந்தையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

மார்கழியில் ஒருநாள், பனி விலகுவதற்கு முன்பே, சகாயமேரி நேராக அவள் வீட்டுக்குப் போய் நின்றாள். செங்கமலம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் எல்லப்பன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். ரத்னா அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்தாள். தம்பி அவள் மடியில் இருந்தான்.

தப்பிப் போக வழியில்லாமல் செங்கமலம் வாளியோடு நின்றாள். பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கசப்பான சிரிப்பு.

"பல்லு கிட்டிக்கற பனி. இப்பவும் ஐஸ் பொட்டிய தூக்கிகினு வரியே, யாருக்குக் காட்ட? இந்தக் குளிரு பத்தலியா உன் மருந்துக்கு?"

"பத்தாது செங்கமலம். இந்தக் குளிரும் அதுக்கு வெயிலுதான்."

செங்கமலத்தின் சிரிப்பு நின்றது.

"இந்தக் குளிரே வெயிலுன்னா" என்று மெதுவாகச் சொன்னாள், "அக்னி நட்சத்திரத்துல ஊத்தினாங்களே, எம் பொண்ணுக்கு?"

எல்லப்பன் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்தான். சகாயமேரி பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"அந்த மருந்து செத்துப்போன மருந்தா இருந்திருக்கலாம். நல்ல மருந்தா இருந்தும் பிடிக்காம போயிருக்கலாம், அதுவும் சில புள்ளைங்களுக்கு நடக்கும். எனக்கு நிச்சயமா தெரியாது. ஆனா அந்த வெயில்ல, நீ சொன்ன மாதிரி நின்னு ஊத்தியிருந்தா, கெட்டுப் போயிருக்கும்னுதான் நினைக்கறேன்."

"யாரு ஊத்தினது அது?"

"யாரு ஊத்தியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. சித்திரையில கெட்டுப்போனதையும் எல்லாரும் பாத்தீங்களே, ரோஸா, தெளிவாத்தானே இருந்துச்சி."

"உனக்கு எப்ப தெரியும்?"

"சித்திரையில நீ சொன்னியே, அப்பவே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ஊரு முன்னாடி சொன்னா அப்புறம் ஒருத்தரும் புள்ளைய தூக்கிகினு வரமாட்டாங்கன்னு பயந்தேன். அது உனக்கு நியாயமில்ல. அதான் வூட்டுக்கு வந்தேன்."

செங்கமலம் வாளியை வீசி எறிந்தாள். தண்ணீர் சகாயமேரியின் கால்வரை தெறித்தது. "எம் பொண்ணு காலு! யாரோ ஒருத்தி ஐஸ் பாக்காம ஊத்தினதுக்கு எம் பொண்ணு காலு!" என்று கத்தினாள். பிறகு சத்தம் வராமல் அழுதாள். எல்லப்பன் அவள் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிட்டாள்.

"போயிடு நர்சம்மா. இப்ப போயிடு."

சகாயமேரி போனாள். மரத்தடியில் மற்றக் குழந்தைகளுக்கு ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தாமல் ஊற்றி முடித்தாள். வழியெல்லாம் செங்கமலத்தின் குரல் காதிலேயே இருந்தது. சொன்னது தவறோ என்று ஒரகடம் வரும்வரை யோசித்தாள். தவறில்லை என்று பஸ் ஏறும்போது முடிவுசெய்தாள்.

தையில், பொங்கல் கழிந்து அவள் மரத்தடிக்கு வந்தபோது, வரிசையில் முதல் ஆளாகச் செங்கமலம் நின்றாள். இடுப்பில் பையன். முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை.

"பொட்டிய தொற. கைய வுட்டுப் பாக்கணும்."

சகாயமேரி திறந்தாள். செங்கமலம் முழங்கைவரை கையை விட்டு, ஐஸ் பைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். நடுவில் இருந்த குப்பியைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனிகள் மரத்துப்போகும்வரை கையை எடுக்கவில்லை.

"கல்லு மாதிரி கீது" என்றாள் வரிசையைத் திரும்பிப் பார்த்து. பிறகு பையனின் வாயைத் தானே பிதுக்கிப் பிடித்தாள். "ஊத்து."

பின்னால் நின்றவர்களும் கைவிட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள். "ஆளாளுக்கு மூடியத் தொறந்தா உள்ள இருக்கற குளிரெல்லாம் ஓடிடும்" என்றாள் சகாயமேரி. "ஒருத்தர்தான் பாக்கணும்."

"நான் பாக்கறேன்" என்றாள் செங்கமலம். "மாசாமாசம் நான் பாக்கறேன். நான் சரின்னாதான் ஊத்தணும். நீயே சரின்னாலும் ஊத்தக்கூடாது. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

அன்றைக்கு மரத்தடியில் வடக்குப்பட்டின் எல்லாக் கைக்குழந்தைகளும் இருந்தன. மாசியிலும் பங்குனியிலும் பையனுக்கு ஊற்றவேண்டிய மூன்றில் மற்ற இரண்டு தடவையும் ஊற்றியாயிற்று. அதன்பிறகும் செங்கமலம் வந்துகொண்டேயிருந்தாள், தன் பிள்ளைக்காக அல்ல. எந்த வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வராதவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவாள். ரத்னாவின் காலைப் பற்றி அவள் பேசத் தொடங்கினால் குழந்தையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் சகாயமேரி, செங்கமலம், ரத்னா மூவரும் மெட்ராஸுக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்னாவின் காலுக்கு அளவெடுத்து, இரும்புப் பட்டையும் தோல்வாரும் வைத்த பூட்ஸ் ஒன்று செய்து கொடுத்தார்கள். முதல் நாள் அது கனக்கிறது என்று ரத்னா அழுதாள். இரண்டாம் வாரம் தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டு நடந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க எல்லப்பனே கூட்டிக்கொண்டு போனான்.

மறுபடி அக்னி நட்சத்திரம் தொடங்கியது. சுவர் வெப்பமானி நாற்பதைத் தாண்டியது. ஊரில் தினமும் ராத்திரி கரண்ட் போனது, கோதண்டத்தின் இன்ஜின் விடியவிடிய ஓடியது. விடியும் முன் சகாயமேரி பெட்டியோடு வந்தபோது அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உன் பைங்களுக்காகவே ராவெல்லாம் முழிச்சிகினு கீறேன் சிஸ்டர். குளிரு கொறயாம பாத்துக்கினேன். ஓடு, ஓடு, முதல் பஸ் கெளம்பிடும்."

ஒரகடத்தில் அவள் இறங்கியபோது இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து எல்லப்பன் எழுந்து வந்தான். அவன் சைக்கிள் கேரியரில் வைக்கோல் பரப்பி, நனைத்த சாக்கு விரித்திருந்தது.

"பொட்டிய குடு நர்சம்மா. நீ நடந்து வரதுக்குள்ள சூரியன் வந்துடும். அது அனுப்பிச்சிது."

அது என்றால் செங்கமலம். எல்லப்பன் பெட்டியை வைத்து, மேலே இன்னொரு சாக்கைப் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

"நானும் பின்னாடி குந்திக்கட்டுமா?" என்றாள் சகாயமேரி.

"கேரியர்ல இடமில்லியே" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை மிதித்தான்.

அவள் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள். மரத்தடியை அடைந்தபோது செங்கமலத்தின் கை பெட்டிக்குள் இருந்தது. வரிசை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"சரியா கீது. ஊத்து" என்றாள் செங்கமலம்.

வெயில் பள்ளிக்கூடக் கூரைக்கு மேல் ஏறுவதற்குள் கடைசிக் குழந்தைக்கும் ஊற்றி முடித்துவிட்டார்கள். பெட்டிக்குள் இன்னும் ஒரு ஊருக்குப் போதுமான குளிர் மிச்சமிருந்தது. சகாயமேரி ஒரு சொம்பு மோரை நின்றபடியே குடித்துவிட்டு, அடுத்த ஊருக்கு எந்த வழி கிட்டம் என்று எல்லப்பனிடம் கேட்டாள்.